கேள்வி யாருடையது?



நோயை முன்வினை என்றும் தெய்வக் குற்றம் என்றும் சொல்லி மனிதரை ஒதுக்கிவைத்த சமூகம் இது. இங்கே மருத்துவத்திடம் சான்று கேட்பது விடுதலைச் செயல். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்தச் சான்றும் யாரோ கேட்ட கேள்விக்கான பதில்தான். கேட்டவர் யார் என்பதையும் நாம் விசாரிக்க வேண்டும். அதற்குக் காசநோயின் வரலாறு போதும்.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கின. அப்போது காசநோய் என்றால் சானடோரியம்: ஓய்வு, காற்றோட்டம், நல்ல சாப்பாடு. ஏழைகளுக்குப் போதிய படுக்கை இல்லை. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு சாரார் சானடோரியத்தில். மறு சாரார் நெரிசலான வீட்டில், குறைந்த உணவோடு. இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959இல் முடிவு வந்தது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். குடும்பத்தாருக்கும் தொற்று கூடவில்லை.

உலகின் காசநோய் மருத்துவத்தையே இது மாற்றியது. வசதியற்றவருக்கும் மருந்து போதும் என்று நிரூபித்தவை வசதியற்றவர்களின் உடல்கள்தான். இது நம் பெருமையும்கூட.

உணவுக் குறைவு குணமாவதைத் தடுக்கவில்லை என்று அதே ஆய்விலிருந்து 1961இல் ஒரு கட்டுரை வந்தது. மருந்து பற்றிய கேள்விக்கு அது நேர்மையான பதில். காலப்போக்கில் அதைச் சாப்பாடே முக்கியமில்லை என்பதாக வாசித்தார்கள். பசித்த வீட்டுக்குள் நோய் ஏன் நுழைகிறது என்பது வேறு கேள்வி. ஆய்வின் கணக்கில் பசி, மாற்ற முடியாத பின்னணியாகவே நின்றது.

அந்தக் கேள்வியை ஜார்க்கண்டில் பெரிய அளவில் சோதித்து, 2023இல் பதில் வெளியிட்டார்கள். காசநோயாளிகளின் குடும்பத்தார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள், பெரும்பாலோர் பழங்குடியினர். நோயாளிக்கு மட்டுமல்லாமல் குடும்பத்தாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்த இடங்களில், புதிதாக நோய் வந்தது 39 சதவீதம் குறைந்தது. 1959க்கும் 2023க்கும் இடையே 64 ஆண்டுகள்.

யார் நெரிசலில் வாழ்வது, யார் அரைவயிற்றோடு உறங்குவது என்பதைச் சாதி தீர்மானிக்கும் நாட்டில், உடலைத் தந்து சான்றாகும் வேலையை நாம் செய்துவிட்டோம். எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் மேசையிலும் இனி நமக்கு இடம் வேண்டும். அறிவியலை நம்புவதால்தான் இதைக் கேட்கிறோம்.

ஜெய்பீம்.