சிவப்புக் கோட்டும் ஏட்டுச் சுவடியும்

சென்னிமலைக்குப் பக்கத்து ஓடாநிலையில் கோட்டை கட்டி ஆண்ட தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். இன்று நாம் வணங்கும் அவர் முகம் பிற்கால ஓவியர்கள் மனத்தால் கண்டது. அவரை எதிர்த்த கிழக்கிந்தியக் கும்பினியாருக்கோ, நேரில் உட்கார வைத்து எழுத ஓவியர் இருந்தார். அயர்லாந்துக்காரர், பெயர் தாமஸ் ஹிக்கி. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் வெள்ளை அதிகாரிகளை வரிசையாக வரைந்தவர்.

நம் பக்கம் பெரிய மனிதர் உருவம் என்றால் கோயில் தூணில்தான். மதுரைப் புதுமண்டபத்துத் திருமலை நாயக்கரே கைகூப்பித்தான் நிற்கிறார். ஆரமும் இடைவாளும் அந்தஸ்தைச் சொல்ல, கூப்பிய கை குணத்தைச் சொல்லும். ஐரோப்பியத் தைல ஓவியத்துப் பிரபு யாரையும் கும்பிடுவதில்லை. உடுப்பு, நிற்கும் தோரணை, பின்னால் தெரியும் நிலம், பக்கத்தில் நிற்கும் ஆட்கள் ஆகியவையே அவர் யாரென்று பேச வேண்டும்.

1816இல் ஹிக்கி எழுதிய காலின் மெக்கன்சியின் படத்தைப் பாருங்கள். இந்தியாவின் தலைமை நில அளவையாளராகியிருந்த மெக்கன்சி சிவப்பு ராணுவக் கோட்டில் நடுவே நிற்கிறார். தூரத்தில் கோமதேஸ்வரர் சிலை. அருகே நம்மவர் மூவர்: சுவடி ஏந்திய சமணப் பண்டிதர் தருமையா, தெலுங்குப் பண்டிதர் காவலி வெங்கட லட்சுமையா, தொலைநோக்கி பிடித்த சேவகர் கிருஷ்ணாஜி என்று அடையாளம் சொல்கிறார்கள். எஜமானின் பெருமையைக் கூட்டத்தான் மூவரும் நிறுத்தப்பட்டார்கள். ஆனால் ஹிக்கி நேர்மையான கைக்காரர். பணியாட்களை நிழலில் தள்ளாமல் ஒவ்வொருவருக்கும் தனி முகம் கொடுத்தார். மெக்கன்சியின் அறிவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தப் படமே சாட்சி ஆகிவிட்டது.

கொங்கு வாசகர்களுக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. ‘கொங்குதேச ராஜாக்கள்’ என்னும் நம் பழைய வரலாற்றுச் சுவடி மெக்கன்சி திரட்டிய சுவடித் தொகுப்பில்தான் பிழைத்தது. ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி, ஏடு வாங்கி அனுப்பிய இந்திய உதவியாளர்களின் உழைப்பு அந்தத் தொகுப்பு.

1821இல் மெக்கன்சி இறந்தார். சுவடி திரட்டும் அந்தப் பணியைத் தானே தொடர அனுமதி வேண்டினார் லட்சுமையா. கல்கத்தா ஆசியவியல் கழகம் 1830களில் அதை மறுத்துவிட்டது. இத்தகைய ஆராய்ச்சியை நடத்தும் தகுதி இந்தியருக்கு இல்லை என்பது அவர்கள் எண்ணம். ஓவியத்தில் மெக்கன்சிக்குப் பக்கத்தில் இடம் பெற்றவருக்கு, அவர் விட்டுப்போன நாற்காலியில் இடமில்லை.