மார்பக மீயொலிப் பரிசோதனை: கைக்கருவியும் தானியங்கியும்

மார்பகக் கட்டிகளைக் கண்டறிய மீயொலி, அதாவது பேச்சு வழக்கில் 'ஸ்கேன்', இரண்டு முறைகளில் பயன்படுகிறது. முதல் முறையில் மருத்துவர் உணர்முனையைக் கையில் பிடித்து, ஜெல் தடவிய மார்பின்மேல் நகர்த்தி, திரையைப் பார்த்துக்கொண்டே முடிவு சொல்கிறார். இரண்டாவதில், அகன்ற உணர்முனை கொண்ட இயந்திரம் மார்பு முழுவதையும் தானாகப் படம்பிடித்துச் சேமிக்கிறது. மருத்துவர் அப்படங்களைப் பிறகு, வேறு ஊரிலிருந்தும்கூடப் பார்க்கலாம். இவற்றில் எது மேல் என்ற கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேல் பழமையானது. தேனி மாவட்டம் போன்ற ஓரிடத்தில் அதற்கான விடை படத்தின் தெளிவை மட்டும் பொறுத்ததன்று. படத்தைப் படிக்க வல்லவர் எங்கே இருக்கிறார், சோதனைக்கு வந்த பெண் மறுமுறையும் வர முடியுமா என்பவற்றையும் அது பொறுத்தது.

தொட்டியும் கையும்

மார்பகத்தை மீயொலியால் ஆராய்ந்த முன்னோடி ஜான் வைல்டு. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் மினசோட்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் அவர். பொறியாளர் ஜான் ரீடுடன் சேர்ந்து 1950களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய 15 மெகாஹெர்ட்ஸ் கருவி கையால் இயக்கப்பட்டது. எனவே வரலாற்றில் கைக்கருவியே மூத்தது எனலாம்.

ஆனால் அடுத்த கால் நூற்றாண்டில் ஆய்வாளர்களின் நாட்டம் பெரிய இயந்திரங்களின் பக்கம் திரும்பியது. மீயொலி காற்றைக் கடந்து செல்லாது என்பதால் நீர் தேவைப்பட்டது. ஜப்பானில் தோஷியோ வாகாய் போன்றோர் நீர் வழியாக மார்பகத்தை ஆராய்ந்தனர். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜார்ஜ் கொசாஃப் குழுவினர் 1970களில் 'ஆக்டோசன்' என்ற கருவியை உருவாக்கினர். நீர்த்தொட்டிக்குள் எட்டு உணர்முனைகள் இருக்கும். பெண் அத்தொட்டியின் மேல் குப்புறப் படுப்பார். இயந்திரம் அடுக்கடுக்காகப் படமெடுக்கும். இன்றைய தானியங்கியின் எண்ணம் முழுவதும் அதில் இருந்தது.

1980களில் அது தோற்றது. திரையில் உடனுக்குடன் அசையும் படம் தரும் சிறிய கைக்கருவிகள் மலிவாக வந்தன. ஐயமான இடத்தை மறுபடி பார்க்கலாம், அழுத்திப் பார்க்கலாம், அங்கேயே ஊசி செலுத்தித் திசு எடுக்கலாம். நீர்த்தொட்டியில் இவை எளிதல்ல. 1995இல் தாமஸ் ஸ்டாவ்ரோஸ் குழுவினர் 750 திடக் கட்டிகளை ஆராய்ந்து, தீங்கற்றதையும் புற்றையும் பிரித்தறியும் அடையாளங்களை வகுத்தனர். நீர்க்கட்டியா திடக்கட்டியா என்று மட்டும் சொல்லிவந்த கைக்கருவியின் மதிப்பு அதன்பின் பெரிதும் உயர்ந்தது.

தானியங்கியின் மறுவருகை

கைக்கருவியின் குறை அதன் கையிலேயே இருக்கிறது. உணர்முனை கடக்காத இடத்திலுள்ள கட்டி பதிவாவதே இல்லை. விட்டுப்போனதைப் பின்னர் தேடவும் வழியில்லை. நேரமும் அதிகம். 2008இல் வெளியான அமெரிக்கப் பல்மைய ஆய்வில், மருத்துவரே செய்த ஸ்கேனுக்குச் சராசரியாக 19 நிமிடம் ஆனது. அபாயம் கூடிய பெண்களிடம் நடந்த அவ்வாய்வில், மேமோகிராம் தவறவிட்ட புற்றுகள் ஆயிரத்துக்கு 4.2 என்ற அளவில் கிடைத்தன.

மார்பகத் திசு அடர்த்தியாக உள்ள பெண்களுக்கு, மேமோகிராமுக்குத் துணையாகத் தானியங்கியைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. 2015இல் வெளியான ஆய்வில் 15,318 பெண்கள் சோதிக்கப்பட்டனர். ஆயிரத்துக்கு 1.9 புற்றுகள் கூடுதலாகத் தெரிந்தன. ஆனால் மேல்சோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்குச் சுமார் 150இலிருந்து 285 ஆக உயர்ந்தனர். இந்த இரண்டாவது எண்ணே தேனிக்கு முக்கியமானது. (இரு ஆய்வுகளிலும் சோதிக்கப்பட்ட பெண்கள் வேறுபட்டவர்கள் என்பதால் 4.2ஐயும் 1.9ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடுவது தவறு.)

தானியங்கிக்கென ஒரு சிறப்பும் உண்டு. அடுக்குகளைச் சேர்த்து மார்பை முன்புறமிருந்து பார்க்கும் படத்தை அது தருகிறது; புற்று சுற்றியுள்ள திசுவை உள்ளிழுப்பது அதில் நட்சத்திர வடிவில் தெரியும். அக்குளை அது சரியாகக் காட்டாது. காம்பின் பின்னால் நிழல் விழுந்து ஏமாற்றும். திசு எடுக்க மீண்டும் கைக்கருவிதான் வேண்டும்.

தேனியில்

தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டம் 2007இல் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முன்னோடிச் சோதனையைத் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் தொடங்கியது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர் அமில நீர் தடவிக் கண்ணால் பார்த்தனர். 2012 முதல் இத்திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தபோது, 30 வயதைக் கடந்த பெண்களுக்குக் கையால் மார்பைத் தடவிப் பார்க்கும் சோதனையும் சேர்க்கப்பட்டது. இந்த எளிய சோதனை வீண்வேலை அன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி 1,51,538 பெண்களிடம் நடத்திய ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் மார்பகப் புற்று இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அதைவிட இளையவர்களிடம் அப்பயன் தெரியவில்லை. இந்தியாவிலோ இந்நோய் மேலைநாடுகளைவிட ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே வருகிறது. அந்த வயதில் திசு அடர்த்தியாக இருக்கும், மேமோகிராம் தடுமாறும். மீயொலி தேவைப்படுவது அங்கேதான்.

அப்படியென்றால் கைக்கருவியைக் கிராமத்துக்கே கொண்டுசெல்லலாமே? சட்டம் குறுக்கே நிற்கிறது. அதற்குக் காரணமும் இம்மண்ணிலேயே இருக்கிறது. தேனியை ஒட்டிய உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலை 1986இல் நாடறிந்த செய்தியானது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் விரிந்தது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். தகுதி பெற்ற மருத்துவரே அவற்றை இயக்க வேண்டும். எடுத்துச் செல்லக்கூடிய கருவிகளுக்கு 2012இல் கட்டுப்பாடு மேலும் இறுகியது. பெண் குழந்தைகளைக் காக்க எழுந்த வேலி, அவர்களின் தாய்மாரின் மார்பகச் சோதனையையும் மருத்துவமனைக்குள் நிறுத்திவிட்டது. வேலியைத் தளர்த்தச் சொல்வதும் எளிதன்று.

ஆக, பெண்தான் மருத்துவமனைக்கு வர வேண்டும். கம்பம், கூடலூர், போடி வட்டாரங்களில் பலர் விடியலில் ஜீப் ஏறிக் கேரள எல்லை தாண்டி ஏலத்தோட்டங்களுக்குச் செல்பவர்கள். மற்றும் பலர் திராட்சைத் தோட்டக் கூலிகள். ஒருமுறை ஸ்கேனுக்கு வந்தால் ஒருநாள் கூலி போகும். தானியங்கி படமெடுத்து, மதுரையிலோ சென்னையிலோ ஒருவர் அதைப் படித்து, ஐயம் என்றால் அப்பெண் கைக்கருவி ஸ்கேனுக்கு இரண்டாம் முறை வர வேண்டும். திசுச் சோதனை என்றால் மூன்றாம் முறை. கட்டி ஏற்கெனவே கைக்குத் தட்டுப்பட்டவருக்கு இந்தச் சுற்று வேண்டியதில்லை. மருத்துவர் கைக்கருவியால் பார்த்து, அதே அமர்வில் ஊசியும் செலுத்தி முடித்துவிடலாம். தானியங்கிக்கு இடமுண்டு என்றால், அறிகுறி எதுவும் இல்லாத, திசு அடர்த்தியான பெண்களிடம்தான்; அதுவும் திரும்ப அழைக்கப்படுபவருக்கு அதே கட்டடத்தில், அதே நாளில் கைக்கருவி ஸ்கேன் கிடைக்குமானால்.