நான்கு மணிநேர உறுதி

விடியற்காலையில் வீட்டை விட்டுப் புறப்படும் தந்தைக்கு அன்று வேலை கிடைக்குமா என்பதே தெரியாவிடில், தம் பிள்ளைகளுக்கு அவர் என்ன உறுதி கூற இயலும்? 1889ஆம் ஆண்டு இலண்டன் துறைமுகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் அடியில் இக்கேள்வியே இருந்தது. கூலி உயர்வுப் போராட்டமாகவே அது நினைவுகூரப்படுகிறது. அதன் மற்றொரு கோரிக்கையையும் நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

அந்நாளில் அத்துறைமுகத் தொழிலாளருள் பெரும்பாலோர் நிரந்தரப் பணியாளர் அல்லர். கப்பல்களின் வரவைக் காற்றும் கடலும் முடிவு செய்தன. நிறுவனங்களோ தேவைப்பட்ட நேரத்துக்கு மட்டும் ஆள் எடுத்தன. காலையில் வாயில்களில் பெருங்கூட்டம் திரளும். மேற்பார்வையாளர் சுட்டுபவருக்கே வேலை. அவர் கண்ணில் படுவதற்காக முண்டியடித்து, ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினர். வேலை கிடைத்தவரும் ஒரு மணிநேரத்தில் திருப்பி அனுப்பப்படலாம். கையில் ஐந்து பென்ஸ் மட்டுமே மிஞ்சும். கிடைக்காதவர் அடுத்த அழைப்புக்காக வாயிலிலேயே காத்திருப்பார். அக்காத்திருப்புக்குக் கூலி இல்லை. கடலின் நிச்சயமின்மை இவ்வாறு ஏழையின் அடுப்படிக்கு இறக்கிவைக்கப்பட்டது.

ஆகஸ்டு 14ஆம் நாள் போராட்டம் தொடங்கியது. பென் டில்லெட், டாம் மன், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் முன்னின்றனர். மணிக்கு ஆறு பென்ஸ் கூலி. வேலைக்கு எடுத்தால் குறைந்தது நான்கு மணிநேர வேலை. இவையே முதன்மைக் கோரிக்கைகள். ஆஸ்திரேலியத் தொழிலாளர் ஏறத்தாழ 30,000 பவுண்டு அனுப்பி, பட்டினியில் வாடிய குடும்பங்களைத் தாங்கினர்.

அப்போது வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் மானிங்குக்கு வயது 81. போராடியோருள் அயர்லாந்துக் கத்தோலிக்கர் பலர் இருந்தனர். முதிர்ந்த வயதில் அவர் இரு தரப்பாரிடமும் மாறி மாறிப் பேசினார். பாப்ளர் பகுதிக் கத்தோலிக்கப் பள்ளியொன்றில் தொழிலாளர் தலைவர்களைச் சந்தித்து, உடன்பாட்டுக்கு இணங்கச் செய்தார். செப்டம்பர் நடுவில் போராட்டம் முடிவுற்றது. நவம்பர் 4 முதல் ஆறு பென்ஸ் என்றும், நான்கு மணிநேர ஊதியமான இரண்டு ஷில்லிங்குக்குக் குறைத்து எவரையும் அனுப்பலாகாது என்றும் முடிவாயிற்று. இரு ஆண்டுகளில், 1891இல், திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தம் சுற்றுமடலை வெளியிட்டார்.

ஆயினும் வாயிலில் நின்று வேலை தேடும் அவலம் அத்துடன் ஒழியவில்லை. பிரிட்டிஷ் துறைமுகங்களில் அது முடிவுக்கு வர 1967 வரை ஆயிற்று. இன்று அதன் கோலம் மட்டும் மாறியுள்ளது. வாயிலில் நின்றவர் இடத்தில், தொலைபேசியில் வரும் அழைப்புக்காகக் காத்திருக்கும் தாய் நிற்கிறார். பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது என்பதை அவர் கடைசி நேரத்தில்தான் முடிவு செய்ய இயலும். இதை உணர்ந்தே, நியூயார்க் நகரம் 2017இல் துரித உணவகங்கள் வேலைநேர அட்டவணையை 14 நாள்களுக்கு முன்பே தர வேண்டுமெனச் சட்டம் செய்தது.

நாள் முழுதும் சந்தைவெளியில் வேலைக்காக நின்றவரை நம் ஆண்டவர் தம் உவமையில் மறக்கவில்லை. நம் கடையிலும் வீட்டிலும் உழைப்போரிடம் நாளைய வேலையை இன்றே உறுதி செய்து சொல்கிறோமா? காத்திருக்கும் மனிதருக்கு அந்த ஒரு சொல் கூலிக்கு நிகரான நீதி.