பிரமதண்டு

பிரமதண்டு (அறிவியல் பெயர்: ஆர்கிமோனி மெக்சிக்கானா) என்பது கசகசாச் செடியின் குடும்பமான பப்பாவரேசியேவைச் சேர்ந்த, முட்கள் நிறைந்த ஒரு பூண்டுத் தாவரம் ஆகும். இது குடியோட்டிப்பூண்டு என்றும் அழைக்கப்படுகிறது. வறட்சியைத் தாங்கி வளரும் இச்செடி, திருவண்ணாமலை போன்ற வெப்பம் மிகுந்த பகுதிகளில் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் தானாகவே முளைக்கிறது. இதன் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை உடையவை.

தாயகம்

மெக்சிக்கோ, நடு அமெரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகியவை இதன் தாயகம் ஆகும். தற்போது வெப்ப மண்டல நாடுகள் பலவற்றில் களையாகப் பரவியுள்ளது. லின்னேயசு 1753 ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். முள் நிறைந்த இலைகளின் காரணமாக ஆங்கிலத்தில் இது 'திசில்' எனவும் அழைக்கப்படுவதுண்டு. எனினும் உண்மையான திசில் செடிகள் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

அமைப்பு

இச்செடி சுமார் 1 மீட்டர் உயரம் வரை வளரும். இலைகள் நீலம் கலந்த பச்சை நிறமுடையவை. நரம்புகளை ஒட்டி வெண்ணிறக் கோடுகளும், விளிம்பில் கூரிய முட்களும் காணப்படும். தண்டை ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். பூக்கள் பளிச்சிடும் மஞ்சள் நிறத்தவை. காயும் முட்கள் கொண்டது. முதிர்ந்ததும் நுனியில் வெடித்து ஏராளமான விதைகளை உதிர்க்கும். விதைகள் கடுகைப் போன்று கருமையாகவும் சிறியதாகவும் இருக்கும்.

வறட்சியைத் தாங்கும் முறை

திருவண்ணாமலைப் பகுதியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலங்களிலேயே கிடைக்கிறது. பிரமதண்டு மழை ஓயும் காலத்தில் முளைத்து, மண்ணில் எஞ்சிய ஈரத்தை ஆணிவேரால் உறிஞ்சி வளர்ந்து, கோடையில் காய்த்துக் காய்ந்துவிடும். விதைகள் மண்ணில் உறங்கிக் கிடந்து அடுத்த பருவத்திலோ, சில ஆண்டுகள் கழித்தோ முளைக்கும். முட்களாலும் கசப்புச் சுவையாலும் கால்நடைகள் இதனை மேய்வதில்லை. எனவே மேய்ச்சல் மிகுந்த நிலங்களிலும் இது தப்பிப் பிழைக்கிறது.

நச்சுத்தன்மை

விதை எண்ணெயில் சாங்குவினரின், டைஐதரோசாங்குவினரின் ஆகிய நச்சுக் காரப்போலிகள் (அல்கலாய்டுகள்) உள்ளன. இவ்வெண்ணெய் கடுகு எண்ணெயுடன் கலந்தால் கொள்ளை நீர்க்கோவை என்னும் நோய் உண்டாகிறது. நுண்குழல்கள் விரிந்து நீர்மம் கசிவதால் கால்கள் வீங்கும்; மூச்சுத் திணறலும், சிலருக்குக் கண் அழுத்த நோயும், இதயச் செயலிழப்பும் ஏற்படலாம். 1998 ஆம் ஆண்டில் தில்லியில் கலப்படக் கடுகு எண்ணெயால் இந்நோய் பரவி 60 பேருக்கு மேல் உயிரிழந்தனர். கலப்படத்தை அறிய நைட்ரிக் அமிலச் சோதனை பயன்படுகிறது. நச்சு எண்ணெய் இருந்தால் செம்மஞ்சள் முதல் சிவப்பு வரையிலான நிறம் தோன்றும்.

தோட்டத்தில் வளர்த்தல்

அழகிய பூக்களுக்காக இது சில நாடுகளில் வறண்ட நிலத் தோட்டங்களில் வளர்க்கப்படுகிறது. நல்ல வெயிலும், நீர் தேங்காத மணலோ சரளையோ கலந்த மண்ணும் போதுமானவை. உரம் தேவையில்லை. ஆணிவேர் இடமாற்றத்தைத் தாங்காது என்பதால் விதைகளை நேரடியாக நிலத்தில் ஊன்ற வேண்டும். வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை:

* காய்கள் வெடிக்கும் முன்பே அவற்றை வெட்டி அகற்ற வேண்டும். இல்லையெனில் அருகிலுள்ள நிலங்களில் களையாகப் பரவும்.
* கடுகு, எள் முதலியவை விளையும் அல்லது உலர்த்தப்படும் இடங்களுக்கு அருகில் வளர்க்கக் கூடாது.
* முட்களும் பாலும் உடலில் படாதவாறு கையுறை அணிய வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

இச்செடியின் மட்கிய எச்சங்கள் பிற பயிர்களின் முளைப்பையும் குறைக்கக் கூடியவை. ஆகையால் பயிர் நிலங்களில் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுவது நல்லது.

மருத்துவப் பயன்பாடு

சித்த, ஆயுர்வேத மருத்துவ முறைகளில் இதன் வேரும் இலையும் பாலும் தோல் நோய்களுக்கும் பிறவற்றுக்கும் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. நச்சுத்தன்மை கொண்டதாகையால், தகுதி பெற்ற மருத்துவரின் கண்காணிப்பின்றி உட்கொள்வது ஆபத்தானது.