மசில் பிரேக்

மசில் பிரேக் அல்லது குழல்வாய்த் தடுப்பான் என்பது துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தப்படும், பக்கத் துளைகள் கொண்ட உலோக உறுப்பு ஆகும். இது குண்டைத் தொடர்ந்து வெளிவரும் வளிமங்களைப் பக்கவாட்டில் திருப்பிப் பின்னுதைப்பைக் குறைக்கின்றது. 1966இல் தொடங்கப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை உருவாக்கிய வித்வன்சக் துப்பாக்கியில் இவ்வுறுப்பு உள்ளது. 12.7, 14.5, 20 மி.மீ. குண்டுகளைச் சுடும் அத்துப்பாக்கியின் பின்னுதைப்பு மிகக் கடுமையானது.

இறுகுதல்

தடுப்பான் பெரும்பாலும் மரையால் இணைக்கப்படுகின்றது. வெடிமருந்துக் கரி, துரு, மரைப்பசை ஆகியவற்றால் மரை இறுகிவிடும்.

கழற்றுதல்

முதலில் மேகசினை அகற்றி, தோட்டா அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தல் வேண்டும். துப்பாக்கியின் உடலைப் பிடித்துத் திருகினால் குழலின் இணைப்புக் கெடும். ஆகையால் குழலையே மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து வைஸில் இறுக்குவர். ஊடுருவும் எண்ணெய் இட்டு ஊறவிட்டபின் பொருத்தமான ஸ்பேனரால் திருப்புவர். பலவகை மரைப்பசைகள் வெப்பத்தால் இளகும்.

வழக்கமான மரை இடஞ்சுழியாகக் கழலும். ஏகேஎம் வகைத் துப்பாக்கிகளில் இடமரை உள்ளதால் வலஞ்சுழியாகத் திருப்புதல் வேண்டும். திசை அறியாமல் விசை கொடுத்தால் மேலும் இறுகும். ஊசி செருகிப் பற்றவைக்கப்பட்ட தடுப்பான் திருகினால் கழலாது.

கவனிக்க வேண்டியவை

குழல்வாயின் விளிம்பு சிதைந்தால் குறி தவறும். மீண்டும் பொருத்துகையில் தடுப்பான் குழலுடன் நேர்கோட்டில் அமையாவிடில், குண்டு அதன்மீது மோதக்கூடும். இந்தியாவில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்க 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி உரிமம் தேவை. எனவே எளிதில் கழலாத தடுப்பானை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே முறையாகும்.