பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது?

1954 மார்ச் 26 அன்று, மினசோட்டா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஒரே அறைக்குள் இரண்டு கட்டில்கள். ஒன்றில், இதயத்தில் ஓட்டையோடு பிறந்த ஒரு வயதுக் குழந்தை. மற்றதில் அந்தக் குழந்தையின் அப்பா. டொக்டர் வோல்ட்டன் லில்லிஹே இருவருடைய இரத்தக் குழாய்களையும் இணைத்தார். குழந்தையின் இதயத்தைத் திறந்து தைத்த நேரத்தில் அப்பாவின் இதயமும் நுரையீரலும்தான் இருவருக்கும் உழைத்தன. ஓட்டை மூடப்பட்டது. ஆனால் 11 நாட்களில் நிமோனியாவால் குழந்தை இறந்துவிட்டது.

அவர் நிறுத்தவில்லை. இதே முறையில் 45 பேருக்குச் செய்தார். 28 பேர் வீடு திரும்பினார்கள். ஒரே சத்திரசிகிச்சையில் இரண்டு உயிர் போகக்கூடும் என்று மற்ற வைத்தியர்கள் திட்டினார்கள். அது நியாயமான பயம்தான்.

இதற்கு முந்திய வருடமே பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன் இதய-நுரையீரல் மெஷினை வெற்றிகரமாக ஓட்டியிருந்தார். அதில்தான் நம் கதை தொடங்குகிறது. ஊரில் கிணற்றுத் தண்ணிப் பம்ப் எப்படி ஓடும் என்று தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் அது இழுக்கும். இதய மெஷினும் அப்படித்தான். உள்ளே காற்று இருந்தால் ஆள் செத்துப் போவார். எதால் நிரப்புவது? அந்தக் காலத்தில் இரத்தத்தால். நோயாளி மேசையில் படுக்க முன்னமே பல பைந்து இரத்தம் மெஷினுக்குள் போய்விடும். கொடுப்பவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், வகை பொருந்த வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் சத்திரசிகிச்சையும் இல்லை.

1960இல் ஒக்லஹோமாவில் நாசி சூதி என்ற டொக்டர் மெஷினைச் சீனிக் கரைசலால், அதாவது 5 வீத டெக்ஸ்ட்ரோஸால், நிரப்பினார். இரத்தம் ஐதானது. ஆனால் ஐதான இரத்தம் குழாய்களில் இலகுவாக ஓடும். உடம்பைக் குளிராக்கி வைத்தால் அதற்கு ஒட்சிசனும் குறையத் தேவை. பொறியியல் படித்த எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். தட்டுப்பாட்டுக்குத் தேடிய வழி, நல்ல வடிவமைப்பாகவும் அமைந்துவிட்டது.

ஹூஸ்டனில் டென்டன் கூலி இதை இன்னும் தூரம் கொண்டு போனார். மற்றவரின் இரத்தத்தை ஏற்க மறுக்கும் யெகோவாவின் சாட்சிகளுக்கு 1962 முதல் இதய சத்திரசிகிச்சை செய்தார். 1977இல் அவருடைய குழு 542 பேரின் கணக்கை வெளியிட்டது. ஒருவருக்கும் இரத்தம் ஏற்றவில்லை. இரத்த இழப்பே நேரடிக் காரணமாக இறந்தவர்கள் 3 பேர்.

அப்படியென்றால் மற்ற நோயாளிகளுக்கு ஏன் அவ்வளவு ஏற்றினார்கள்? ஒரு எண்தான் காரணம். ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனால் ஏற்று. இதன் வேர் மேயோ கிளினிக் வைத்தியர்கள் 1942இல் எழுதிய ஒரு ஆலோசனை. அது பரிசோதித்துக் கண்டுபிடித்த எண் அல்ல, அனுபவத்தில் சொன்னது. ஆனாலும் நாற்பது வருடத்துக்கு மேல் சட்டம் போல நின்றது.

அதை அசைத்தது எயிட்ஸ். கனடாவில் மட்டும் சுமார் 2,000 பேருக்கு இரத்தத்தின் மூலம் எச்.ஐ.வி. தொற்றியது. கிரேவர் ஆணைக்குழு விசாரித்து 1997இல் அறிக்கை கொடுத்தது; இரத்தச் சேவை செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து கைமாறியது. இன்று இரத்தம் மிகவும் பாதுகாப்பானது. ஆனால் அந்தப் பயம்தான் 'உண்மையிலேயே தேவையா?' என்று கேட்க வைத்தது.

பதில் நேர்கோட்டில் வரவில்லை. 2015இல் பிரித்தானியாவில் 7.5 வரை பொறுத்திருந்து ஏற்றிப் பார்த்தார்கள். பெரிய சிக்கல்களில் வித்தியாசம் இல்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் இறந்தவர்கள் சற்றுக் கூட. எல்லோரும் தயங்கினார்கள். பிறகு ரொறன்ரோ சென் மைக்கல்ஸ் ஆஸ்பத்திரியை மையமாக வைத்து, 19 நாடுகளில் 5,000க்கு மேற்பட்டவர்களிடம் ஒரு ஆய்வு நடந்தது. 2017இல் முடிவு வந்தது. 7.5 வரை பொறுத்தவர்களில் 100க்கு 52 பேருக்கே இரத்தம் தேவைப்பட்டது, 9.5இல் ஏற்றியவர்களில் 73 பேருக்கு. சாவு, மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் பொறுத்தவர்களின் நிலைமை மோசமாகவில்லை.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அம்மம்மாவுக்கு மொழிபெயர்ப்பது பெரும்பாலும் நீங்கள்தான். 'முடிந்தவரை இரத்தம் ஏற்ற மாட்டோம்' என்று சேர்ஜன் சொல்வதை அப்படியே தமிழில் சொன்னால், தன்னைக் கவனிக்காமல் விடப்போகிறார்கள் என்று அவர் நினைப்பார். இரத்தம் ஏற்றினால் பலம் வரும் என்றுதான் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். அதனால் மிச்சத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிந்தும் இரத்தத்தை உறிஞ்சி, கழுவி, அவருக்கே திருப்பிக் கொடுக்க ஒரு மெஷின் இருக்கிறது. இரத்தக் கசிவைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து கொடுப்பார்கள். 1960களில் ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் கண்டுபிடித்தது. அவசரம் வந்தால் இரத்தம் தயாராகப் பக்கத்திலேயே இருக்கும்.

சத்திரசிகிச்சைக்குச் சில கிழமை முன்னமே அவருடைய ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். குறைவாக இருந்தால் அந்தக் கிழமைகளில் அதைக் கூட்டலாம். கனடாவில் ரிப்போர்ட்டில் 75, 95 என்று இருக்கும், ஊரில் 7.5, 9.5 என்று எழுதுவார்கள். இரண்டும் ஒரே அளவுதான், அம்மம்மா பயப்படத் தேவையில்லை.