வீட்டை விட்டுப் படகுக்கு

லண்டனில் வாடகை கட்டுப்படியாகாமல், வீட்டைக் காலி செய்துவிட்டுக் கால்வாய்ப் படகில் குடியேறுகிறவர்கள் இப்போது பலர். இது புதிய சங்கதி அல்ல. வீட்டை விட்டுக் கால்வாய்க்குப் போனவர்களில் முக்கால்வாசிப் பேரைத் தள்ளிவிட்டது வயிற்றுப்பாடுதான்.

இங்கிலாந்தில் 1840-களில் ரயில் பரவியதும் படகுச் சரக்குக் கூலி இறங்கிவிட்டது. வீட்டு வாடகையும் கொடுத்து, உதவியாளுக்குச் சம்பளமும் கொடுக்கப் படகோட்டியால் முடியவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைப் படகில் ஏற்றினான். அவள் சுக்கான் பிடித்தாள். பிள்ளை குதிரை ஓட்டினான். ஏழடி அகலம், பத்தடி நீளம்கூட இல்லாத அறையில்தான் சமையல், படுக்கை, பிரசவம் எல்லாம்.

1877-ல் அதற்கென ஒரு சட்டம் வந்தது. குடியிருக்கும் படகு ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும். இத்தனை பேர்தான் தங்கலாம். பதிவான ஊரே பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் ஊர். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதன் அருமை தெரியும். விலாசம் இல்லாதவனுக்கு எந்த ஆபீசில் என்ன நடக்கும்?

அதே சமயம் இங்கே தாது வருஷப் பஞ்சம். ஊரை விட்டுக் கிளம்பிய ஜனங்களுக்கு நிவாரண வேலையாக, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துச் சுமார் 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். 1806-ல் கொக்ரேன் தொடங்கிய வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் ஒன்றாயின. கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்தது. மண் சுமந்தவர் பெயர் யாருக்கு ஞாபகம்?

ரயில் செங்கல்பட்டு வழியாகப் போய்விட்டது, கடலோரத்துக்கு வரவில்லை. ஆகவே முட்டுக்காடு, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், மரக்காணம் வரை கால்வாய்தான் ராஜபாட்டை. உப்பும் சவுக்கு விறகும் பட்டணம் போயின. காற்றடித்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அல்லது கரையில் நடந்து கயிறு இழுக்க வேண்டும். 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு நிலா வெளிச்சத்தில் மாமல்லபுரம் போனதும் இந்தக் கால்வாயில்தான். 'மாவலிபுரச் செலவு' அப்படிப் பிறந்த பாட்டு.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் 'பெனீஷ்' என்ற சரக்குப் படகின் படம் இருந்தது. அதில் ஒரு குடும்பமே குடியிருக்கும். ஜன்னலில் பூந்தொட்டி இருக்கும். மரக்காணத்தில் நான் பார்த்த உப்புப் படகில் பூந்தொட்டி இல்லை. ஒரு மண் அடுப்பு, ஒரு பானை, சுருட்டிய பாய், அவ்வளவுதான். நாள்கணக்கில் அதுவே அவர்களுக்கு வீடு.

பிறகு லாரி வந்தது; 1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் அதிலேயே இறங்கின. 2004 சுனாமியில் கடல் நீரை வாங்கிக்கொண்டு பல இடங்களில் ஊரைக் காத்தபோதுதான், இப்படி ஒரு கால்வாய் இருப்பதே பலருக்கு நினைவு வந்தது.

உங்கள் குடும்பத்தில் படகு தள்ளிய தாத்தா யாராவது இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்த விலாசமாவது இருக்கட்டும்.